மேடையில் வழித்த மீசை

நாலு பேருக்கு முன்னால் எழும்பி நின்று பேச எனக்கு வராது. புதிதாக ஒப்பனை பழகும் உங்களுக்கு என் அனுபவத்தைச் சொல்ல வேண்டும் என்று கேட்டீர்கள். எழுதித் தருகிறேன், யாராவது ஒரு பிள்ளை வாசித்துவிடுங்கள். நான் அஞ்சாம் வகுப்போடு நின்றவள். பிழை கிடந்தால் திருத்தி வாசியுங்கள்.

ஒப்பனை அறையில் என் வேலை மீசையும் தாடியும்தான். பவுடர், சாயம் எல்லாம் மற்றவர்கள் பார்த்துக்கொள்வார்கள். என்னுடைய மனிசன் வாவியில் மீன்பிடித்தவர். அவருடைய வலையில் கிழிந்த இடங்களை முடிந்து பழகிய கை என்பதால், மெல்லிய வலைத்துணியில் மயிரை ஒவ்வொன்றாக முடிந்து மீசை கட்டுவது எனக்குச் சிரமமாக இருக்கவில்லை. சிரமம் வேறு இடத்தில் இருந்தது. பிற ஆம்பிளைகளின் வாய்க்குப் பக்கத்தில் முகத்தை வைத்துக்கொண்டு வேலை செய்ய வேண்டும். ஒருவரிடம் வெற்றிலை மணக்கும், ஒருவரிடம் பீடி மணக்கும், சிலரிடம் மணப்பதைச் சொல்லத் தேவையில்லை. நான் மூக்கில் தொடங்கி நாடியில் முடிப்பேன். கண்ணைப் பார்க்கமாட்டேன். தேற்றாத்தீவுச் சந்தையில் நான் போனால், "மீசைக்காரி வாறா, உங்கட மனிசன்மாரப் பிடிச்சு வைச்சிக்கொள்ளுங்ககா" என்று பெண்கள் சிரிப்பார்கள். கேட்காத மாதிரிப் போய்விடுவேன்.

இப்போது உங்களுக்குக் கட்டின மீசை கடையில் கிடைக்கிறது. நல்லது, கண் மிஞ்சும். ஆனால் பையைப் பிரித்துக் கைக்கு வந்ததை எடுத்து ஒட்டாதீர்கள். பூட்டன் காலத்து நாடகம் என்றால் இன்னும் கவனம் வேண்டும். அந்தக் காலத்தில் ஒரு ஆளின் மீசையைப் பார்த்தாலே அவர் கதிரையில் இருக்கிறவரா, பக்கத்தில் நிற்கிறவரா என்று தெரிந்துவிடும். வயல் நிறைய வைத்திருந்த போடியார் நுனியைத் தேன்மெழுகு வைத்து மேலே முறுக்கிவிடுவார். ஊர்த் தலைமை பார்த்த விதானையாரின் மீசை தடிப்பாக மேலுதட்டை மூடி வாயோரம் வரைக்கும் இறங்கும். கந்தோரில் எழுத்து வேலை பார்த்தவர்கள் வெள்ளைக்காரத் துரைமாரைப் பார்த்து ஓரங்களை வெட்டி ஒடுக்கமாக வைப்பார்கள். காத்தான்குடி முஸ்லிம் முதலாளிமார் மேலுதட்டை ஒட்டக் கத்தரித்துத் தாடியை விடுவார்கள். வயலில் நின்றவர்களுக்கும் தோணி தள்ளினவர்களுக்கும் வசதிப்பட்ட நாளில்தான் சவரம். அவர்கள் முகத்தில் இருப்பது மீசையா தாடியா என்று பிரிக்க முடியாது. இதெல்லாம் நான் படித்து அறிந்ததில்லை. பழைய வீடுகளில் சுவரில் மாட்டியிருக்கும் படங்களைப் பார்த்துத் தெரிந்துகொண்டது.

தெரியாத காலத்தில் ஒரு கூத்து நடந்தது. போடியாருக்கும் அவருடைய வயலில் வேலைக்கு நிற்கும் முல்லைக்காரனுக்கும் ஒரே மாதிரி முறுக்கு மீசை கட்டிக் கொடுத்துவிட்டேன். இரண்டும் அழகாகத்தான் இருந்தன. முல்லைக்காரன் வந்து போடியாருக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றதும் பின்னாலிருந்து ஒரு கிழவர் குரல் கொடுத்தார்.

"டேய், ரெண்டு பேரில ஆருடா போடி? கூலிய ஆரிட்ட வாங்குற?"

சனம் விழுந்து விழுந்து சிரித்தது. பிறகு அந்த நாடகத்தில் யார் செத்தாலும் சிரிப்புத்தான். மீசை நன்றாக இருந்தால் போதாது, அது அந்த ஆளுக்கு உரியதாக இருக்க வேண்டும் என்று அன்றைக்குப் படித்தேன்.

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது குகதாசனின் கதை.

குகதாசன் களுவாஞ்சிக்குடிப் பக்கத்துப் பெடியன். உழவு மெசின் ஓட்டுகிறவன். எங்கள் நாடகத்தில் போடியார் வேடம் அவனுக்கு. கதை இதுதான்: போடியாரின் தகப்பன் ஒரு நல்ல வட்டையை, பெரிய வயல்காணியை, மகளுக்குச் சீதனமாக எழுதிவிடுகிறார். எங்கள் பக்கத்தில் காணி பெண்பிள்ளைக்குத்தானே போகும். மகன் போடியாருக்கு அது பொறுக்கவில்லை. கோபித்துக்கொண்டு பெண்சாதி வீட்டோடு போனவன், வருடக்கணக்காகத் தகப்பன் வீட்டு வாசலால் மீசையை முறுக்கிக்கொண்டு போகிறான், வருகிறான், உள்ளே எட்டிப் பார்ப்பதில்லை. கடைசியில் தகப்பன் செத்துப்போகிறார். அன்றைக்கு வந்து, ஒரு வார்த்தை பேசாமல் சவரம் செய்யும் பரியாரிக்கு முன்னால் குந்தி, மூத்த மகன் செய்ய வேண்டிய கடமைக்காக அந்த மீசையைக் கொடுக்கிறான். நாடகமே அந்த இடத்தில்தான் இருக்கிறது.

நாடகம் பழக்கியவர் ஒரு வாத்தியார். நாங்கள் சேர் என்போம். வயதில் எனக்கு இளையவர் என்பதால் என்னை அக்கா என்பார். ஒட்டு மீசை வேண்டாம், குகதாசன் சொந்த மீசையை வளர்க்கட்டும், மேடையிலேயே சனத்துக்கு முன்னால் உண்மையாக வழிப்போம் என்றார். குகதாசனும் ஓம் என்றான். ஆசையாக வளர்த்தான். மெழுகு வைத்து முறுக்கிக்கொண்டு மெசின் ஓட்டுவான். வழியில் பெடியன்கள், "போடியார், கூலி எப்ப தருவீங்க?" என்று கத்துவார்கள். இவனும் முறுக்கிக் காட்டிவிட்டுப் போவான்.

நாடகத்துக்குக் கொஞ்ச நாள் இருக்கும்போது அவனுடைய தகப்பன் தம்பிராசாவுக்கு நெஞ்சு நோவு வந்து ஆஸ்பத்திரியில் விட்டார்கள். அடுத்த நாடகப் பழக்கத்துக்குக் குகதாசனோடு தாய் பூரணமும் வந்தாள்.

"சேர், நாடகம் வேணாமெண்டு நான் சொல்லல்ல. இவர் ஆஸ்பத்திரியில கிடக்கார். அப்பன் உசிரோட இரிக்கக்குள்ள மூத்த புள்ள மீசைய வழிச்சா அதுக்கு என்ன அருத்தமெண்டு உங்களுக்குத் தெரியாதா?"

"அம்மா, இது நடிப்புத்தானே."

"நடிப்பெண்டா கத்தியும் நடிப்பா? அது உண்மையாத்தானே வழிக்கப்போகுது?"

குகதாசன் குறுக்கே வந்தான். "சும்மா இருங்கம்மா. கொஞ்ச நாளில மறுகா முளைச்சிரும்."

"மயிர் முளைக்கும். அவர் முளைப்பாரா?"

சேர் பாவம், அவருக்கும் தாயும் தகப்பனும் இருக்கிறார்கள். ஆனால் நாடகத்தை விடவும் மனமில்லை. எல்லாரும் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கையில் நான் மூலையிலிருந்து கேட்டேன்.

"கத்தரிக்கோல் படலாமாகா?"

பூரணம் என்னைத் திரும்பிப் பார்த்தாள். யோசித்தாள். "கத்தரி படட்டும். அது எல்லாரும் வெட்டுறதுதானே. சவரக்கத்திதான் படக்கூடா."

அப்படியென்றால் வழி இருக்கிறது என்றேன். குகதாசனின் மீசையைக் கத்தரியால் ஒட்ட வெட்டுவது. அந்தக் குறுணி மயிரைச் சவர்க்காரத்தால் தோலோடு படிய வைத்து, மேலே மெழுகுச் சாந்து பூசி மறைப்பது. அதற்கு மேல், வெட்டின அவனுடைய மயிரிலேயே ஒரு மீசை முடிந்து ஒட்டுவது. மேடையில் சவர்க்கார நுரை போட்டால், அதற்குள் கத்தியின் பின்பக்கத்தால் ஒட்டு மீசையைக் கிளப்பி எடுத்துவிடலாம். துடைத்ததும் சனம் பார்ப்பது மீசை இல்லாத முகம்.

சேர் ஒத்துக்கொண்டார். "ஆனா ஒருத்தருக்கும் மூச்சு விடக்கூடா. உண்மையா வழிச்சதெண்டு சனம் நம்ப வேணும். ஒரு ஆளுக்குத் தெரிஞ்சாலும் ஊருக்கே தெரிஞ்சிரும்." எல்லாரும் தலையாட்டினோம். நானும் ஆட்டினேன்.

மீசையை வெட்டும்போது குகதாசன் மெதுவாகச் சொன்னான். "மாமி, அம்மா சொல்றதில எனக்கு நம்பிக்கை இல்ல. ஆனா அப்பாக்கு ஏதும் நடந்தா, அண்டையிலிருந்து நம்பத் தொடங்கிருவன்."

"வாயை ஆட்டாத மனே, கத்தரி படும்" என்றேன்.

பரியாரி வேடத்துக்கு யோகராசா வந்தார். சொந்தமாகச் சலூன் வைத்திருக்கிறவர். கத்தி பிடிக்கிற கையைப் பார்த்தாலே உண்மையான சவரம் என்று தோன்றும். பழக்கத்தில் எல்லாம் சரியாக வந்தது.

நாடகம் ஒரு பின்னேரம், பள்ளிக்கூட வளவில். நல்ல சனம். முதல் பாதி முடிந்து இடைவேளை விட்டதும் பூரணம் ஒப்பனை அறைக்குள் ஓடி வந்தாள். முகத்தில் இரத்தமில்லை.

தம்பிராசாவை ஆஸ்பத்திரியிலிருந்து டிக்கட் வெட்டி வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். படுத்திருக்கச் சொல்லி இவர்கள் நாடகத்துக்கு வந்திருக்கிறார்கள். அவர் மருமகனை நெருக்கி, ஓட்டோவில் ஏறி, பின்னாலேயே வந்துவிட்டார். முன்வரிசைக் கதிரையில் இருக்கிறார். அடுத்த காட்சியில் என்ன நடக்கப் போகிறது என்று அவருக்கு ஒன்றும் தெரியாது.

"சட்டி விழுந்தாலே நெஞ்சைப் பிடிக்கிற மனிசன்" என்று பூரணம் அழத் தொடங்கினாள். "இவன் அப்பன் செத்த மீசை எடுக்கிறதப் பாத்தா?"

குகதாசன் கதிரையை விட்டு எழும்பினான். "நான் மாட்டன். நிப்பாட்டுங்க சேர்."

"ஊரே வந்திரிக்கு குகன். இந்தக் காட்சி இல்லாட்டி நாடகம் எங்க?"

"அவர்ர நெஞ்சு நிண்டா நாடகம் எங்க?"

"அப்ப அவரைக் கூட்டிக்கொண்டு போகச் சொல்லுவம்."

"அவரையா?" என்றாள் பூரணம், அழுகைக்குள்ளேயே. "எழும்பிப் போங்க எண்டு சொன்னா அந்தக் கோவத்திலேயே நெஞ்சு நிண்டிரும்."

வெளியே ஒலிபெருக்கிப் பெட்டியில் பாட்டுப் போட்டுவிட்டார்கள். பாட்டு முடிந்தால் திரை திறக்க வேண்டும். அவருக்கு யாராவது முன்கூட்டியே உண்மையைச் சொல்ல வேண்டும், வேறு வழியில்லை. பூரணம் போனால் அழுதே அவரைப் பயப்படுத்துவாள். குகதாசன் வேடத்தோடு வெளியே வர முடியாது. சேரிடம் கேட்டால், ஒரு ஆளுக்குத் தெரிந்தாலும் ஊருக்குத் தெரியும் என்பார். அவர் சொல்வதிலும் பிழையில்லை. நான் ஒருவரிடமும் கேட்கவில்லை. பக்கக் கதவால் இறங்கினேன்.

அத்தனை வருட வேலையில் நான் மேடைக்கு முன்பக்கம் போனதே இல்லை. வெளிச்சம் முகத்தில் அடித்தது. கையில் பசைத் தூரிகையோடு போயிருக்கிறேன், அதுவும் தெரியவில்லை. முன்வரிசையில் சாரம் கட்டி, மேலே போர்வை சுற்றி இருந்தவர்தான் தம்பிராசா. பக்கத்தில் குனிந்தேன்.

"அண்ணன்..."

"ஆர்?"

"மீசை ஒட்டுற ஆள்."

"ஓ, மீசைக்காரியா?" என்றார் உரத்த குரலில். வரிசை முழுதும் திரும்பிப் பார்த்தது. திரும்பி ஓடியிருப்பேன். ஆனால் பாட்டு முடியப்போகிறது.

அவருடைய காதுக்குள் சொன்னேன். "அடுத்ததில உங்கட மகன் மீசை வழிக்கிற காட்சி வரும். அது அவர்ர மீசை இல்ல, நான் ஒட்டினது. அவர்ர சொந்த மீசை உள்ளுக்குள்ள இரிக்கு. கத்தி படாது."

அவர் மேடையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "ஆருக்கு வழிக்கான்?"

"தகப்பனுக்கு."

"எனக்கா?"

"இல்ல அண்ணன். நாடகத்தில வாற தகப்பனுக்கு."

கொஞ்ச நேரம் மூச்சை இழுத்து விட்டார். நான் அவருடைய நெஞ்சைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். "உள்ளுக்க மீசைய ஒளிச்சு வைக்கிற புத்தி பூரணத்தின்ட புத்திதானே?"

"ஓம். எனக்கும் பங்கு இரிக்கு."

"நினைச்சன். சரி, நீ போ தங்கச்சி. நான் சாகமாட்டன்."

உள்ளே வந்து, சொல்லிவிட்டேன் என்றேன். சேரின் முகம் கறுத்தது. அந்த நேரத்தில் ஒன்றும் பேசவில்லை, அது அவருடைய பெருந்தன்மை. குகதாசன் கதிரையில் இருந்தான். "என்ன சொன்னார்?" "சாகமாட்டாராம்." அவனுக்குப் பாதி உயிர் வந்தது.

ஆனால் அவன் பயத்தில் வியர்த்துக் கொட்டியிருந்தான். மேலுதட்டில் சாந்து இளகிப்போய் இருந்தது. திரும்பப் பூச நேரமில்லை. ஒற்றி எடுத்து, பசையை மட்டும் வைத்து அழுத்திவிட்டு அனுப்பினேன். பாட்டு நின்றது.

நான் பக்கத்தில் திரைச்சீலையோடு ஒட்டி நின்றேன். நடுவில் பிரேதம், வெள்ளைத் துணியால் மூடி. குகதாசன் வந்து யோகராசாவுக்கு முன்னால் குந்தினான். யோகராசா நுரை போட்டார், நாடியைப் பிடித்து நிமிர்த்தினார், கத்தியை வைத்து மெதுவாக இழுத்தார். சனத்தின் மூச்சு கேட்டது. நுரைக்குள் மீசை கிளம்பி வந்தது. அதோடு சாந்தும் முழுதாகக் கிளம்பி அவருடைய கைக்கு வந்துவிட்டது. நான் நின்ற இடத்துக்கு நுரைக்குள் கறுப்பாகக் குறுணி மயிர் தெரிந்தது. யோகராசாவின் கை அப்படியே நின்றது.

பழக்கியபடி என்றால், குகதாசன் முகத்தைத் துடைத்து, மீசை இல்லாத முகத்தைச் சனத்துக்கு நிமிர்த்திக் காட்டி, பிறகு தகப்பனைப் பார்க்க வேண்டும். அவன் யோகராசாவின் தோளிலிருந்த துவாயைப் பறித்து முகத்தைப் பொத்தினான். பொத்தினபடியே பிரேதத்தின் காலடிக்குப் போய்க் கவிழ்ந்தான். துவாயை எடுக்கவே இல்லை.

பெண்கள் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. பிறகு அதுவும் நின்று வளவு முழுதும் அமைதியானது.

அந்த அமைதிக்குள் முன்வரிசையிலிருந்து ஒரு சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்து, போர்வையால் வாயை மூடிப் பார்த்து, அதையும் மீறி வருகிற சிரிப்பு. துவாய் ஏன் இறங்கவில்லை என்று அவ்வளவு சனத்துக்குள்ளும் அவருக்கு மட்டும்தான் விளங்கியது.

"ஆருடா அது, செத்த வீட்டில சிரிக்கிறது?" என்று யாரோ அதட்டினார்கள். அவர் நிறுத்தவில்லை.

குகதாசனுக்கு அந்தச் சிரிப்பு கேட்டிருக்கும். பிறந்த நாளிலிருந்து கேட்ட சிரிப்பு. அவனுடைய தோள் இரண்டும் குலுங்கத் தொடங்கின. குலுங்கிக் குலுங்கி, மூச்சு முட்டுகிற மாதிரி ஒரு சத்தம் துவாய்க்குள்ளிருந்து வந்தது. பெண்கள் திரும்பவும் அழுதார்கள். சேர் என் பக்கத்தில் நின்று, "இப்பிடி அழ நான் அவனுக்குப் பழக்கவே இல்லையே" என்றார். திரை விழுந்தது.

உள்ளே வந்து துவாயை எடுத்தபோது குகதாசனின் கண் சிவந்து, கன்னமெல்லாம் நனைந்து கிடந்தது.

"அழுதியா சிரிச்சியா மனே?"

"முதல்ல சிரிப்புத்தான் வந்தது மாமி" என்றான். "பொறகு அவர் இன்னும் உசிரோட இரிக்காரெண்டு நினைச்சன்."

தம்பிராசா மருமகனின் தோளைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தார். மகனின் மேலுதட்டைக் குனிந்து பார்த்தார். "மீசைக்காரி, நீ ஒளிச்சு வைச்சது வெளிய வந்திட்டுதே." பிறகு மகனிடம், "டேய், என்ட செத்த வீட்டிலயும் இப்பிடித் துவாயால மூடிக்கொண்டு நில்லு. அழுறியா சிரிக்கிறியா எண்டு சனத்துக்குத் தெரியா" என்றார்.

"வாயைக் கழுவுங்க!" என்று பூரணம் கத்தினாள். அவள் அன்று முழுவதும் அழாமல் பேசியது அந்த ஒரு வார்த்தைதான்.

சேர் அடுத்த நாடகம் தொடங்கும் வரை என்னோடு கதைக்கவில்லை. நான் வாக்கு மீறினேன் என்பது அவருடைய பக்கம். உண்மைதான், மீறினேன். நாங்கள் கட்டுகிற பொய்யைக் காப்பாற்றுவது இந்தத் தொழிலில் பெரிய விஷயம். ஆனால் பார்க்க வருகிறவர்களில் அந்தப் பொய் யாருடைய நெஞ்சில் போய் இடிக்கும் என்று தெரிந்தால், அந்த ஒரு ஆளிடம் மட்டும் முதலே போய்ச் சொல்லிவிடுங்கள். நாடகம் கொஞ்சம் நட்டப்பட்டால் படட்டும். கேட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்று நின்றால் பாட்டு முடிந்துவிடும்.

தம்பிராசா பிறகும் சில வருடம் இருந்தார். வயலுக்குப் போனார், என்னை வழியில் கண்டால் "மீசைக்காரி" என்று கூப்பிட்டார். அவர் கூப்பிட்டால் மட்டும் நான் நின்று சிரிப்பேன்.

அவர் செத்த அன்று நானும் அந்த வீட்டுக்குப் போனேன். செத்த வீட்டில் நான் எப்போதும் பெண்களோடு உள்ளே இருந்து, அப்படியே வந்துவிடுவேன். ஆம்பிளைகள் பக்கம் தலை நிமிர்த்துவதில்லை. அன்றைக்குத் தண்ணீர் குடிக்க வெளியே வந்தபோது, கிணற்றடியில் யோகராசா வழித்து முடித்து, குகதாசன் முகத்தைக் கழுவிக்கொண்டு நிமிர்ந்தான். நேருக்கு நேராகப் பார்த்துவிட்டேன்.

கன்னமும் நெற்றியும் வெயிலில் மெசின் ஓட்டிக் கறுத்த நிறம். மேலுதட்டில் மட்டும் பால்குடிப் பிள்ளையின் தோல் மாதிரி ஒரு வெளிறல். வருடக்கணக்காக வெயில் படாத இடம். நாடகத்தில் நான் கன்னத்து நிறத்தையே அங்கேயும் பூசியிருந்தேன். அன்றைக்குச் சாந்து கழலாமல் நின்றிருந்தாலும், தகப்பனைப் பறிகொடுத்த மகனின் முகமாக அது இருந்திருக்காது.

நான் பார்ப்பதை அவன் கண்டுவிட்டான். கையால் அந்த இடத்தைத் தடவினான். "என்ன மாமி," என்றான், "நிறம் பாக்கிறீங்களா?"

தலையைக் குனிந்துகொண்டேன்.

பிள்ளைகளே, மீசை எடுத்த முகம் செய்யும்போது மேலுதட்டுக்கு ஒரு படி வெளுப்பாகப் போடுங்கள். கன்னத்து நிறம் போடாதீர்கள்.